கழுவாத புனல்

இஸ்மாயில் ஹாஜியார் மறைந்த செய்தி வந்தபோது, அவரைத் திட்டுவதற்காகத்தான் நான் தொலைபேசியைக் கையில் எடுத்திருந்தேன். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அவரை அறிந்த எல்லோரும் ஒரு நாளாவது அவரைத் திட்டியிருப்பீர்கள், அல்லது அவரிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். அதனால் என்னைக் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

என்னை அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. செங்கலடிக்குப் பக்கத்திலுள்ள பல்கலைக்கழக வளாகத்தில், இரசாயன ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப அலுவலராக இருக்கிறேன். காற்றிலிருந்து நிலத்தில் இறங்கும் தூசி, கரி, மழையோடு கரைந்து வரும் உப்பு, அமிலம் ஆகியவற்றை அளப்பது என் வேலை. கருவி என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு கம்பு, அதன்மேல் ஒரு வெள்ளைப் புனல், புனலுக்குக் கீழே ஒரு போத்தல். பதினான்கு நாளுக்கு, அதாவது இரண்டு கிழமைக்கு ஒருமுறை புனலையும் போத்தலையும் மூடி, தொடாமல் துடைக்காமல் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவர வேண்டும். நாங்கள் அலசி, வெள்ளைத் தாளில் வடிகட்டி, தாளில் தங்கியதை நிறுப்போம். காத்தான்குடியில் வாவிக்கரையை ஒட்டி அரிசி ஆலை வைத்திருந்த ஹாஜியாரின் வீட்டு மாடியில் அப்படி ஒரு புனல் நான்கு வருடங்களாக நிற்கிறது.

அன்று காலை நான் வடிகட்டியது அந்த மாடியிலிருந்து வந்த போத்தல். முதல்நாள் அவருடைய லொறியில் வந்திறங்கியது. நான்கு வருடக் காத்திருப்பின் முடிவு அதற்குள் இருந்தது. வடிகட்டி முடித்துத் தாளைப் பார்த்தேன். வெள்ளை! நாலைந்து மணல் துகள், ஒரு சிறு பூச்சிச் சிறகு, அவ்வளவுதான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. மனிதர் புனலைக் கழுவிவிட்டார் என்றே நினைத்தேன். வேறு எதையும் சோதிக்கவில்லை, கோபம் முந்திக்கொண்டது. இலக்கத்தை அழுத்தினேன். எடுத்தது அவருடைய மூத்த மகன்.

"மிஸ், வாப்பா மௌத்தாகிட்டார். சுபஹுத் தொழுதிட்டு வந்து கதிரையில இருந்தவர். தேத்தண்ணி குடுக்கப் போகக்குள்ள தலை சாய்ஞ்சி கெடந்திச்சி."

வாயில் வைத்திருந்த வசவு அப்படியே நின்றது. தாள் ஈரத்தோடு முன்னால் கிடந்தது.

முதன்முதலில் அவர் எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தது எதிரியாகத்தான். நெல் அவிப்பதற்கு அவருடைய ஆலையில் உமியை எரித்தார்கள். மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் உமிக்கரி செதில் செதிலாக ஊருக்குள் பறந்தது. நோன்புப் பெருநாளுக்கென்று தைத்துத் துவைத்துக் கொடியில் போட்ட வெள்ளை உடுப்புகளில் அது போய் உட்கார்ந்த வருடம், அயலவர்கள் கூடி நகரசபைக்கு மனுக் கொடுத்தார்கள். ஒரு வருடத் தவணை கிடைத்தது. அதற்குள் கரி குறையாவிட்டால் ஆலைக்குப் பூட்டு. ஆலையை நம்பி முப்பது குடும்பம் இருந்தது. ஹாஜியார் வெள்ளைச் சேட்டும் வெள்ளைச் சாரனுமாக வந்து எங்கள் வாசலில் நின்றார்.

"கரி என்ட மில்லுல இருந்துதான் வருதெண்டு ஒப்பிக்க ஏலுமா மிஸ்?" என்று கேட்டார். நிரூபிக்க முடியும் என்றேன். "இல்லையெண்டும் ஒப்பிக்க ஏலுமா?" அதுவும் முடியும், ஆனால் எது வரும் என்று எனக்குத் தெரியாது என்றேன். "அப்ப சரி, வாங்க" என்றார். கரி வேலை செய்கிறவர் ஏன் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுத்துகிறார் என்று பிறகொரு நாள் கேட்டேன். "மில்லுக்காரன் வெள்ளை உடுத்தாப் பொய் செல்ல ஏலா மிஸ். சேட்டுக் காட்டிக் குடுத்திரும்" என்றார்.

ஆலைக்கும் வாவிக்கும் நடுவில்தான் அவருடைய வீடு. அதன் மாடியில் ஒரு புனலை நட்டோம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஆலையே இல்லாத ஓர் இடம் தேவைப்பட்டது. வாவிக்கு அக்கரையில், வவுணதீவுப் பக்கத்து வட்டை என்னும் வயல்வெளி ஒன்றில், தம்பிராசா அண்ணனின் வயற்குடிசையான வாடிக்கருகே இரண்டாவது புனல். தம்பிராசா அண்ணன் பல வருடமாக ஹாஜியாரின் ஆலைக்கு நெல் கொடுப்பவர். "அங்க விழுறது சுத்தக் காத்து. என்ட நெல்லு வாற இடமல்லவா" என்று ஹாஜியார் பெருமையாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

முதல் இரண்டு கிழமை முடிந்து போத்தல் எடுக்கப் போனோம். புனல் பளபளத்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. போத்தலை எடுத்துக் குலுக்கினேன். நுரைத்தது! இளநீல நுரை. மூக்கருகே கொண்டுபோனால் சவர்க்கார வாசம். ஹாஜியாரின் மனைவி சுபைதா உம்மா பக்கத்தில் நின்று பூரித்துப்போய்ச் சிரித்தார். நாங்கள் வருவதாகக் கேள்விப்பட்டுக் காலையிலேயே மாடிக்கு ஏறி, புனலைத் தேய்த்து, போத்தலைக் கவிழ்த்துக் கழுவி, உடுப்புக்குப் போடும் நீலத்தில் கொஞ்சம் விட்டு அலசி, நல்ல தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார். நான் அந்த மாடியில் நின்று கத்தினேன். இரண்டு கிழமை வேலை போயிற்றே!

ஹாஜியார் மனைவிக்குப் பரிந்து வந்தார். "எங்கட ஊட்டுக்கு வாறவங்களுக்கு ஊத்தப் பீங்கானில சோறு குடுக்கிற பழக்கமில்ல மிஸ். கெம்பஸ்ல இருந்து ஆக்கள் வாறாங்க, புனல் கறுப்பாக் கெடந்தா எங்களப் பத்தி என்ன நினைப்பீங்க?"

"கறுப்பைப் பார்க்கத்தானே ஹாஜியார் நான் வாறன்!"

அன்றிலிருந்து ஒவ்வொரு போத்தலையும் தானே இறக்கி, மூடி, என் கையில் தரும்போது வலக்கையை நெஞ்சில் வைத்து, "கழுவல்ல மிஸ்" என்பார். நான்கு வருடமும் ஒருதடவைகூடத் தவறவில்லை. தானே வரமுடியாத நாட்களில் லொறிச் சாரதி போத்தலைத் தந்துவிட்டு, "ஹாஜியார் கழுவல்லையாம்" என்று செய்தி சொல்வார். கடைசிப் போத்தல் வந்த நாளில் சாரதி புதியவர். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

தவணை முடிவதற்கு முன்பு ஹாஜியார் ஒரு வழி கண்டுபிடித்தார். புகைக்கூண்டை உயர்த்துவது. இரும்புக் குழாயைத் துண்டு துண்டாக ஒட்டவைத்து, பழைய கூண்டைப்போல் இரண்டு மடங்கு உயரத்துக்கு நிறுத்தினார். தெருவே திரண்டு நின்று பார்த்தது. அடுத்த கச்சான் வீசியது, ஊருக்குள் கரி இல்லை. வெள்ளை உடுப்பு வெள்ளையாகவே காய்ந்தது. மனுவில் கையொப்பம் வைத்தவர்கள் எல்லோரையும் அழைத்துப் புரியாணி போட்டார். கையொப்பத்தில் முதல் ஆளாக இருந்த புடவைக்கடைக்காரரைத் தன் சஹனிலேயே உட்காரவைத்து, இருவரும் ஒரே தட்டில் அள்ளிச் சாப்பிட்டார்கள். மனு வாபஸ் ஆனது. மாடிப் புனலிலும் கரி நன்றாகக் குறைந்திருந்தது. "குறைந்துள்ளது" என்று நானும் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தேன்.

இங்கே என் பிழையையும் சொல்லிவிட வேண்டும். அக்கரைப் போத்தல்கள் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தன. அவை ஒப்பீட்டுக்குத்தானே, பிறகு பார்க்கலாம் என்று அலுமாரிக்குள் அடுக்கிவைத்தேன். சுத்தமான இடத்தில் என்ன விழப்போகிறது என்ற எண்ணம். படித்தவளின் எண்ணம்!

மாசியில் பெரும்போக அறுவடை தொடங்கியது. ஒருநாள் நான் போத்தல் எடுக்க ஆலைக்குப் போனபோது முற்றத்தில் ஒரே சத்தம். ஹாஜியார் ஒரு பிடி நெல்லைத் தம்பிராசா அண்ணனின் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பிராசா இது? நெல்ல அடுப்படியிலயா காயப் போட்டீங்க? இந்தப் போகம் உங்கட ஆக்களுக்கு என்ன பிடிச்சிரிக்கி?"

"பாயிலதான் ஹாஜியார் காயப் போட்டது. காலமை போடக்குள்ள மஞ்சளாக் கிடக்கு, பொழுதுபட அள்ளக்குள்ள கறுப்பாக் கிடக்கு. எங்களுக்கே விளங்குதில்ல."

"கறுப்பு நெல்ல நான் எடுக்க மாட்டன். கொண்டு போங்க."

மூட்டைகள் திரும்பி ஏறின. தம்பிராசா அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு போனார். கீழே சிந்தியிருந்த நெல்லில் கொஞ்சம் எடுத்து நான் உள்ளங்கையில் தேய்த்தேன். கையில் கறுப்பு ஒட்டியது. இரண்டு வருடமாக அந்தக் கறுப்பைத்தானே நான் நிறுத்துக்கொண்டிருக்கிறேன்! ஓட்டமும் நடையுமாகப் பஸ்ஸைப் பிடித்து வந்து, அலுமாரியைத் திறந்து, அக்கரையிலிருந்து கடைசியாக வந்த போத்தலை வடிகட்டினேன். உமிக்கரி. போன அறுவடைப் போத்தலையும் தேடி எடுத்து வடிகட்டினேன், அதில் வெறும் மண்தூசிதான்; இதிலோ நல்ல மென்மையான உமிக்கரி. உயர்ந்த கூண்டால் பக்கத்தில் விழாதது, கடற்காற்றில் வாவியைத் தாண்டிப் போய் இறங்கியிருந்தது.

பயமும் துள்ளலும் ஒன்றாக வருமா? எனக்கு அன்று வந்தது. ஒரு பெரிய விசயத்தைக் கண்டுபிடித்த துள்ளல், அதை அவரிடம் சொல்ல வேண்டுமே என்ற பயம். யோசித்துப் பாருங்கள். மனு முடிந்துவிட்டது. ஊர் அவரோடு ஒரே சஹனில் சாப்பிட்டுவிட்டது. அக்கரையில் ஒருவரும் அவர்மேல் குறை சொல்லவில்லை. கறுப்பு எங்கிருந்து வருகிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. பேசாமல் இருக்கச் சொல்லி அவர் என்னைக் கேட்டிருக்கலாம். நான் சொன்னபோது அவர் கேட்கவில்லை, கத்தினார்.

"அவிங்க வைக்கல் எரிக்கிறாங்க. அந்தக் கரி அது! என்ட நெருப்புக்கு வாவி தாண்ட ஏலுமா? கால் இரிக்கா அதுக்கு?"

மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் வளாகத்து வாசலில் வெள்ளைச் சேட்டு.

"அடுப்ப அணைக்கிறன் மிஸ். பத்து நாள். நீங்க பாருங்க. கரி நிண்டா என்ட. நிக்காட்டி நீங்க என்னட்ட மாப்புக் கேக்கணும், எல்லாருக்கும் முன்னால."

அறுவடை உச்சத்தில் பத்து நாள்! ஆலைக்கு வெளியே நெல் லொறிகள் வரிசையில் நின்றன. ஹாஜியாருக்கு என்னமோ ஆகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் அக்கரையில் தினமும் புனல் மாற்றினேன். அக்கரைக்கும் வளாகத்துக்கும் பஸ்ஸில் அலைந்தே கால் வீங்கியது. முதல்நாள் தாள் கறுப்பு. இரண்டாம் நாளும் கறுப்பு. மூன்றாம் நாளும் அப்படியே. ஹாஜியார் தொலைபேசியில் ஆர்ப்பரித்தார்.

"என்ட அடுப்பு குளிர்ந்து கெடக்கு, கரி விழுதாமே! மாப்புக்கு எப்ப வாறீங்க?"

எனக்கும் உள்ளுக்குள் ஆட்டம் கண்டுவிட்டது. கூரைகளிலும் இலைகளிலும் ஏற்கனவே படிந்து கிடக்கும் கரியைக் காற்றுக் கிளப்பிக் கிளப்பிப் போடுகிறது, பொறுங்கள் என்று சொன்னேன். சொல்லும்போது என் குரலை நானே நம்பவில்லை. நாலாம் நாள் பருவம் தப்பிய மழை ஒன்று கொட்டியது. அறுவடைக்காரர்கள் வானத்தைத் திட்டினார்கள், நான் ஒருத்திதான் வாடிக்குள் நின்று சிரித்தேன். கூரையும் இலையும் கழுவப்பட்டன. ஐந்தாம் நாள் தாள் சாம்பல் நிறம். ஆறாம் நாளும் ஏழாம் நாளும் இன்னும் வெளிறல். எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் பத்தாம் நாளும் மண்தூசியைத் தவிர வேறொன்றும் இல்லை! ஆய்வுகூடத்தில் நான் கூவியதைக் கேட்டு அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தார்கள்.

பத்துத் தாள்களையும் மேசையில் வரிசையாக வைத்து அவரை அழைத்தேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தார். திரும்பி நடந்தார். பாரமான துகள் பக்கத்தில் இறங்கும், மென்துகள் காற்றோடு தூரம் போகும், உயரத்திலிருந்து விட்டால் இன்னும் தூரம் போகும் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இதுக்கேன் மிஸ் இவ்வளவு சுத்து? இது நெல்லுத் தூத்துறது. நெல்லு காலடியில விழும், பதர் அங்கால விழும், தூள் அடுத்தவன்ட வளவுக்குள்ள போகும். நான் சுளகைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிச்சிட்டன்." பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார். "சுளகை உயர்த்தினாத் தூள் குறையிறல்ல. தூரத்துக்குப் போகுது. குறைச்சாத்தான் குறையும்."

எத்தனையோ பெரிய கூட்டங்களில் இதையே படம் போட்டு, கோடு போட்டு விளக்கியவர்களை நான் கேட்டிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒருவரும் சொன்னதில்லை.

அடுத்த நாள் என்னையும் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனார். பாலத்தால் போக வாகனம் இருந்தது. அவரோ தோணி கேட்டார். "கரி போன வழியாலயே போவம்" என்றார். தோணிக்குள் வெள்ளைச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆலையின் உயர்ந்த புகைக்கூண்டையே திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தார். தம்பிராசா அண்ணன் வாடி வாசலில் நின்றார். ஹாஜியார் சுற்றி வளைக்கவில்லை.

"தம்பிராசா, உங்கட நெல்லக் கறுப்பாக்கினது நான். என்ட கரி. என்ட கரிய உங்கட நெல்லுல பாத்துட்டு, உங்களையே ஏசித் திருப்பி அனுப்பியிரிக்கன். மாப்புத் தாங்க."

தம்பிராசா அண்ணன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு வாடியைக் கை காட்டினார். "திருப்பி விட்ட மூட்டையெல்லாம் உள்ளுக்கத்தான் கிடக்கு ஹாஜியார். ஏத்துவமா?"

"ஏத்துங்க. கறுப்பு என்ட, நெல்லு உங்கட."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குத்தான் கண் கலங்கியது, வாவிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. ஈர உமி புகைக்கும், காய்ந்த உமி எரியும் என்று பார்த்து, உமிக்குவியலுக்குக் கூரை போட்டார். அடுப்புக்குள் காற்றுப் போகும் வாயை மாற்றினார். புகையைச் சுழற்றிக் கரியைக் கீழே தள்ளும் பெரிய தகரக் கூம்பு ஒன்றைப் பொருத்தினார். முதல் கூம்பு ஓட்டையாகிப் போனது, இரண்டாவது அடைத்துக்கொண்டது, மூன்றாவதுதான் பிடித்தது. அது பிடித்த அன்று ஒரு பிஸ்கட் டின் நிறையக் கரியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். "ஒரு நாள் கரி மிஸ். இவ்வளவு நாளும் இது ஊரச் சுத்தித் திரிஞ்சிரிக்கி." பல் தெரியச் சிரித்தார். அறை முழுக்கக் கரி. நான் அதற்கும் திட்டினேன்.

இரண்டு புனலிலும் கரி குறைந்துகொண்டே வந்தது. ஆனால் வாடைக்காற்று மாதங்களில் மழைநீரிலிருந்த புளிப்பு, அதாவது அமிலம், கொஞ்சமும் அசையவில்லை. அவருக்கு இது பெரிய மனக்குறை. தன் ஆலையில் இன்னும் ஏதோ பிழை என்று நினைத்தார். அது இங்கே புகைந்ததல்ல, மென்மையாகிக் கரைந்து நெடுந்தூரம் காற்றோடு வந்து மழையில் இறங்குவது, நாங்கள் எவ்வளவு குறைத்தாலும் அதை வெளியிடுகிறவர்கள் குறைக்காமல் அது குறையாது என்று விளக்கினேன்.

"அப்ப அது ஆர்ட மில்லு?"

"கடலுக்கு அங்கால ஹாஜியார். யாருடையதெண்டு எனக்குத் தெரியாது."

"பேரத் தேடுங்க. அவிங்களுக்கும் ஒரு புனல் அனுப்புவம். கழுவிப்போடாதீங்க எண்டு எழுதி அனுப்புங்க."

சென்ற வருடம் நெஞ்சுநோவு வந்து வைத்தியசாலையில் கிடந்தார். ஆறுதலாக இருக்கச் சொன்னார்கள். இருந்தாரா? திரும்பி வந்ததும் அவர் செய்த முதல் வேலை, புகைக்கூண்டைப் பழைய உயரத்துக்கு வெட்டச் சொன்னது. நான் நேரே போய்ச் சண்டை பிடித்தேன். உயரமாக இருந்தால் நல்லதுதான், கெடுதல் ஒன்றுமில்லை, வெட்டத் தேவையே இல்லை என்றேன். புடவைக்கடைக்காரரும் வந்து, ஒரு செதில் கரி விழுந்தாலும் பழைய மனுவைத் தூசு தட்டி எடுப்போம் என்று எச்சரித்துவிட்டுப் போனார். கூம்பு பொய்த்தால் ஆலை போகும், முப்பது குடும்பமும் போகும். ஹாஜியார் அசையவில்லை.

"கூண்டு உயரத்தில இருந்தாப் பிழையும் உயரத்தால போயிரும் மிஸ். எனக்குத் தெரிய வராது. தம்பிராசாவுக்குத்தான் தெரிய வரும். பிழை இருந்தா முதல்ல என்ட தலையில விழட்டும்."

வெட்டினார்கள். அறுவடையும் வந்தது. அடுப்புகள் எல்லாம் எரிய, கடற்காற்று வீச, கட்டைக் கூண்டு ஹாஜியாரின் மாடிக்கு நேரே புகைக்க, இரண்டு கிழமை. அந்த இரண்டு கிழமையின் போத்தல்தான் நான் முதலில் சொன்னது. பிழை இருந்தால் அதில் தெரிந்திருக்கும். தாள் வெள்ளையாக வந்தது. நான் அவரைச் சந்தேகித்தேன்.

அன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸாவை எடுத்தார்கள். அதற்குமுன் பெண்களோடு நானும் வீட்டுக்குள் இருந்தேன். வெள்ளைத் துணிக்குள் அவரைப் பார்த்தபோது, இந்த வெள்ளையும் இவருக்குப் புதிதல்லவே என்று நினைத்தேன். தம்பிராசா அண்ணன் வெளியே ஆண்களோடு, வேட்டியும் துவாயுமாக, கடைசிவரை நின்றார். போத்தலைப் பற்றி நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. மரணவீட்டில் கேட்கிற கேள்வியா அது?

ஒரு கிழமை கழித்துச் சுபைதா உம்மாவைப் பார்க்கப் போனேன். கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார். பழைய கதைகளைப் பேசிக்கொண்டே வந்தவர், சவர்க்காரக் கதை வந்ததும் கண்ணீரோடு சிரித்துவிட்டார். அந்தத் துணிவில் கேட்டேன். கடைசிக் கிழமையில் யாராவது மாடிக்கு ஏறிப் புனலைத் தொட்டார்களா என்றேன். உம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன மகள் கதைக்கிறீங்க? நெஞ்சுநோவோட அந்த மனிசன் ஒவ்வொரு நாளும் படியேறிப் போய், புனலத் தொடாமப் பாத்துட்டு வருவார். காகம் வந்து இரிக்கப் போகுதெண்டு தென்னோலை வச்சி வெருட்டுவார். என்ன மாடிக்கே ஏற விடல்ல. கழுவல்ல மகள். அல்லாஹ் மேல ஆணையாக் கழுவல்ல."

விடைபெற்று வளாகத்துக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. வடிகட்டிய நீர் போத்தலில் அப்படியே இருந்தது. முதலில் குலுக்கினேன். நுரையில்லை. ஒரு குழாயில் கொஞ்சம் ஊற்றி, உப்பைக் காட்டிக் கொடுக்கும் வெள்ளிநைத்திரேற்று இரண்டு துளி விட்டேன். பால்போல் வெளுத்துக் கலங்கியது. உப்பு! காத்தான்குடிக் கடற்காற்று எப்போதும் கொண்டுவந்து போடும் உப்பு, அளந்து பார்த்தபோது இரண்டு கிழமைக்கு வரவேண்டிய அளவில் அப்படியே இருந்தது. கழுவியிருந்தால் உப்பும் போயிருக்கும். சவர்க்காரமில்லை, உப்பு இருக்கிறது, கரி இல்லை. மனிதர் கழுவவில்லை. வானத்திலிருந்து கரி விழவில்லை. நான் அந்தக் குழாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றினேன். தொலைபேசியில் கை போய்விட்டது. இலக்கத்தைத் தேடிய பிறகுதான், எடுப்பதற்கு அவர் இல்லை என்பது உறைத்தது. அன்றுதான் நான் வாய்விட்டு அழுதேன்.

அடுத்த நாள் தோணியிலேயே அக்கரைக்குப் போய்த் தம்பிராசா அண்ணனின் புனலையும் எடுத்துவந்தேன். மண்தூசி, உப்பு, ஒரு நெல்லுச் சுணை. வேறில்லை. பாயில் காய்ந்த நெல்லை ஒரு பிடி அள்ளி, "பாருங்க மிஸ், ஹாஜியாருக்குக் காட்டக் கிடைக்கல்லையே" என்று என் கையில் போட்டார். மஞ்சளாக இருந்தது.

ஹாஜியாரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அந்த வெள்ளைத் தாள்தான். எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் இடத்தையும் திகதியையும், எடுத்துத் தந்தவர் சொன்ன குறிப்பையும் எழுதுவோம். அந்தத் தாளில் குறிப்புக்கான இடம் வெறுமையாக இருந்தது. பென்சிலைச் சீவி, அவர் நெஞ்சில் கைவைத்துச் சொல்லும் அந்த ஒரு சொல்லை நானே எழுதினேன்.

கழுவல்ல.